ஊரை எரிக்காத விட்டில்

அளவற்ற அருளாளனின் திருப்பெயரை முன்வைத்துத் தொடங்குகிறேன்.

மூன்று மணிக் கூட்டத்துக்கு இரண்டரைக்கே வந்து, கதிரை போடுகிறவர்களைக் கண்ணாலேயே விரட்டிக்கொண்டிருந்த விழாத் தலைவர், எங்கள் கண்டக்குழி மீனவர் சங்கத்தின் தலைமகன் பதுர்தீன் ஹாஜியார் அவர்களே. உடப்பிலிருந்து இரண்டு லொறி நிறைய ஆட்களோடு வந்து முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட, கரைவலையின் கதியறிந்த, காற்றின் கருத்தறிந்த, வலையிழுப்போரின் தலைவராகிய மண்டாடி இராசமணி அவர்களே. முந்தலிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வந்து முகம் துடைத்தபடி இருக்கும் பெரியோர்களே. கொழும்பிலிருந்து வந்த பத்திரிகைப் பிள்ளைகளே. வலப்புறம் வீற்றிருக்கும் தாய்மார்களே. இடப்புறம் கதிரை இருந்தும் இருக்காமல் நிற்கும் வாலிபர்களே. உங்கள் அனைவர் மீதும் சாந்தி பொழியட்டும். கைகூப்பும் அன்பர்களுக்கு என் கூப்பிய கை. ஆயுபோவன் சொல்லும் அயலவர்களுக்கு அந்த நீண்ட ஆயுள் அப்படியே திரும்பிச் சேரட்டும்.

என்னை அறியாத விருந்தினருக்காக ஒரு வார்த்தை. என் பெயர் ஹயாத்து முகம்மது. முப்பத்திரண்டு வருடம் இந்தக் கரையில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றது நான்தான்; என் வாய் இன்னும் பெறவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது, அதுவும் என்னைப் பார்த்துத்தான். முனாஸ், அந்த ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தணியுங்கள் மகன், என் குரலுக்கே என் காது வலிக்கிறது.

அன்பர்களே, எதற்காகக் கூடியிருக்கிறோம்? மன்னனுக்கு விழா எடுத்த மண் உண்டு. மந்திரிக்கு விழா எடுத்த மண் உண்டு. வென்றவனுக்கு மாலை போட்ட ஊர் உண்டு, வெல்லப்போகிறவன் என்று நம்பி முன்கூட்டியே மாலை போட்டு ஏமாந்த ஊரும் உண்டு. ஆனால் ஒரு பூச்சிக்கு, விளக்கைக் கண்டால் விழுந்து சாகும் ஒரு விட்டில் பூச்சிக்கு விழா எடுத்த ஊர் இந்த உலகத்தில் எங்கேனும் உண்டா? இன்று உண்டு. அதன் பெயர் கண்டக்குழி.

இரண்டு வருடத்துக்கு முன்னர், போர் ஓய்ந்து ஏழு வருடமான அந்த ஜூலை மாதத்தில், தென்மேற்கின் சோளகக் காற்று சுழன்று சுழன்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கடலுக்கப்பாலிருந்து ஒரு படக் கம்பனி இந்தக் கரைக்கு வந்தது. இராட்சதப் பிராணிகளை வைத்து வரிசையாகப் படம் எடுக்கும் கம்பனி. ஒரு படத்தில் நண்டு வரும், ஒன்றில் தேள் வரும், வந்தது எதுவானாலும் ஊரை அழித்துவிட்டுத்தான் போகும். அந்த வரிசையில் முன்னொரு காலத்தில் ஒரு விட்டில் வந்தது. தென்னை உயரத்துக்கு விட்டில். அது வாயால் தீயைக் கக்கிக் கரையோரக் கிராமமொன்றைச் சாம்பலாக்கியது. அந்தப் பழைய விட்டிலைப் புதிய காலத்துக்குப் புதிதாய்ப் படைக்க வேண்டும் என்று ஒரு பெண் இயக்குநரை அனுப்பியிருந்தார்கள். நாங்கள் அவரைச் சிங்கள வழக்கில், அம்மணி என்ற பொருளில், நோனா என்றோம். அவருக்கும் அது பிடித்துப் போயிற்று.

நோனாவின் மனதில் இருந்த கதை வேறு. வானத்திலிருந்து தீ மழை பொழியும். விட்டில் கடலிலிருந்து எழுந்து வந்து, இறக்கையை விரித்து, ஊரை மூடிக் காக்கும். இதுதான் அவர் கதை. மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. அங்கிருந்து ஒரு கட்டளை வந்தது: உன்னுடைய விட்டிலை நிஜக் கரையில், நிஜக் காற்றில், நிஜ இறக்கை அடிக்கவைத்துக் காட்டு. காட்டினால் உன் கதை. காட்டாவிட்டால் விட்டிலைக் கணினியில் வரைந்து, பழைய கதைப்படி அந்த ஊரை எரிப்போம்.

அந்த ஊர் எது? நாம் இருக்கும் இந்த ஊர். படத்தில் வரும் குடிசைகள் எவை? இதோ, நிக்கொலஸ் தம்பி சாய்ந்து நிற்கிறாரே, அவருக்குப் பின்னால் தெரிகிற குடிசைகள்.

நிக்கொலஸ் தம்பியைச் சொல்ல வேண்டும். சிலாபத்துக்காரர். நோனா சொல்வதைச் சிங்களத்திலும் தமிழிலும் சொல்லி, நாங்கள் சொல்வதைப் பாதியாக்கி நோனாவுக்குச் சொன்னவர். அந்த மறுபாதியைச் சொல்லியிருந்தால் நோனா முதல் வாரமே விமானம் ஏறியிருப்பார்.

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்த விழா மேடையில் நின்று பேசும் இதே ஹயாத்து முகம்மது அன்று என்ன செய்தேன் தெரியுமா? "அழிவுப் பூச்சியை அனுமதியாதீர்" என்று தலைப்பிட்டு நாலு பக்கத்தில் மனு எழுதினேன். என்ன தமிழ் அது. எதுகை என்ன, மோனை என்ன. பிரதேச செயலாளருக்கே பொருள் விளங்கியிருக்காது. அதற்கு இருநூறு கையெழுத்து வாங்கப் புறப்பட்டேன். பதினொன்று கிடைத்தது. அதில் மூன்று என் வீட்டிலேயே வாங்கியது.

கையெழுத்துக்குப் போன முதல் வீடு உம்மு குல்தூமின் வீடு. தாய்மார்களின் வரிசையில், கடைசிக்கு முந்திய கதிரையில், நீல முக்காடிட்டு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். திரும்பிப் பார்க்காதீர்கள், வெட்கப்பட்டு எழும்பிப் போய்விடுவார்.

வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, மன்னார்க் கரையிலிருந்து நெரிசல்பட்ட ஒரு தோணியில், இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு வலையூசியுமாகக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர் அவர். விட்டு வந்த வீடு எரிந்துபோன செய்தி மூன்று மாதம் கழித்து இங்கே வந்து சேர்ந்தது. அன்றுமுதல் இந்தக் கரையின் கிழிந்த வலைகளெல்லாம் அவர் கைக்குத்தான் போகின்றன.

கம்பனி கொண்டுவந்த இறக்கை ஒரு பக்கத்துக்கு அறுபது அடி. பளபளவென்று ஒரு துளை இல்லாத பிளாஸ்டிக் துணி. கரையில் நட்ட கோபுரத்தில் ஏற்றிய அன்றே சோளகம் அதை நாலாகக் கிழித்து ஏரிப் பக்கம் அனுப்பிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த உம்மு குல்தூம் நிக்கொலஸிடம் சொன்னார்: "காத்த மறிச்சாக் கிழியத்தானே செய்யும் தம்பி. வலைக்கு ஏன் கண்ணு வச்சிருக்கு? இதுக்கும் கண்ணு வச்சுக் கட்டச் சொல்லுங்க அந்த நோனாட்ட."

"கட்டுறது ஆரு ராத்தா?" என்று கேட்டார் நிக்கொலஸ்.

"நாங்கதான். வேற ஆரு ஈக்கிற?"

நாற்பத்து மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். கண்டக்குழிப் பெண்கள், மன்னாரிலிருந்து வந்த பெண்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட கிறிஸ்தவச் சகோதரிகள். வலை பின்னி, அந்த வலைக் கண்களில் பழைய துணியைச் செதில் செதிலாக வெட்டித் தைத்தார்கள். சாரி, சாரம், பள்ளிச் சீருடை, கிழிந்த குடைச்சீலை எல்லாம் அதில் சேர்ந்தது. காற்று வந்தால் செதில் எழும்பும், காற்று நுழைந்து போகும், வலை நிற்கும். அந்த நேரம் பார்த்து நான் மனுவோடு போய் நின்றேன்.

"சேர், அந்தப் பேனைய அங்கால வைங்க. இந்தக் கயித்த ஒருக்காப் புடிங்க" என்றார்.

பிடித்தேன். இரண்டு மணித்தியாலம் பிடித்தபடி நின்றேன். இந்த ஊரில் என்னை இரண்டு மணித்தியாலம் பேசாமல் நிற்க வைத்த ஒரே ஆள் அவர்தான்.

பத்தொன்பது நாளில் இறக்கை முடிந்தது. இனி அதை அடிக்க வைக்க வேண்டும். மோட்டார் பூட்டினார்கள், மணல் போய் மோட்டாரின் தொண்டையை அடைத்தது. அப்போது யாரோ சொன்னார்கள், கயிறு இழுக்க உடப்பார் இருக்கிறார்களே என்று. சோளகக் காலத்தில் கரைவலைக்கு ஓய்வு. மண்டாடி இராசமணி நாற்பது பேரோடு வந்து இறங்கினார். ஒரு இறக்கைக்கு இருபது பேர். நோனா சொன்னது இவ்வளவுதான்: கயிற்றை இழுத்தால் இறக்கை இறங்கும்; கயிற்றை விட்டால் காற்று அதைத் தூக்கும். இழு, விடு. இழு, விடு. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் அன்பர்களே, கரைவலைக்காரனிடம் போய் விடு என்று சொல்லலாமா? கயிற்றில் பாரம் ஏறினால் வலையின் பையான மடியில் மீன் ஏறிவிட்டது என்று பொருள். பாரம் ஏறிய கயிற்றை விட்டவனை அந்தக் கரையில் ஒருவரும் மறுபடி வலைக்குச் சேர்க்க மாட்டார்கள். நோனா கையை அசைத்தார். நாற்பது பேரும் இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சோளகம் ஒரு வீச்சு வீசியது. இறக்கை மேலே இழுத்தது. கயிறு கனத்தது. இதோ சிரிக்கிறார் பாருங்கள் மண்டாடி, அவர் ஆட்களில் ஒருவர் தன்னை மறந்து கத்தினார்: "மீன் ஏறிட்டுது, விட்டுடாதீங்க."

அவ்வளவுதான். நாற்பது பேரும் குதிகாலை மணலில் ஊன்றினார்கள். நிக்கொலஸ் மூன்று மொழியிலும் நிற்பாட்டச் சொல்லிக் கத்துகிறார், ஒரு மொழியும் எடுபடவில்லை. அச்சாணி முறிந்தது. அறுபதடி இறக்கைகளோடு விட்டில் கோபுரத்திலிருந்து இறங்கி, மணலில் தவழ்ந்து, மெல்ல மெல்லக் கரையேறி, நோனாவின் கதிரையில் வந்து இருந்தது. நோனா எழும்பியிருந்தபடியால் தப்பினார். அப்போதும் ஒருவர் குனிந்து மடிக்குள் மீனைத் தேடினார் என்று நிக்கொலஸ் சத்தியம் பண்ணுகிறார்.

கைதட்டுங்கள், தட்டுங்கள். அன்று யாரும் தட்டவில்லை. வலது இறக்கை தோளிலிருந்து நடு வரைக்கும் கிழிந்து கிடந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளி பின்னேரத்தோடு மேலிடம் கொடுத்த தவணை முடிகிறது. நோனா பெட்டி கட்டத் தொடங்கினார்.

நான் என்ன செய்தேன்? வெட்கத்தோடு சொல்கிறேன். மடித்த மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வென்ற மனிதனின் நடை நடந்து, கிழிந்த இறக்கைக்குப் பக்கத்தில் போனேன். உம்மு குல்தூம் மணலில் குந்தி, கிழிசலின் ஒரு முனையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். "நான் அப்பவே சொன்னேனே பிள்ளை" என்றேன். "இந்தப் பூச்சி வேணாமெண்டு. இனி விடுங்க. படம்தானே, கணினியில கீறட்டும். பொய் நெருப்புத்தானே."

அவர் ஊசியை நிறுத்தவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. "சேர்," என்றார், "எனக்கு எரிஞ்சது ஒரு வீடு. அதப் பாக்காம வந்ததுதான் எனக்கு ஒரு ஆறுதல். இனி என்ட பேரப்புள்ளைகள் படத்தப் போட்டு, இந்த வீடு எரியிறத நான் கண்ணால பாக்கணுமா? ஒருக்கா எரிஞ்சது போதும் சேர். பொய்யாயும் எரிய வேணாம்."

அன்பர்களே, நான் நாலாயிரம் மேடை ஏறியவன் என்று பீற்றிக்கொள்பவன். சொல்லுக்குச் சொல் பதில் வைத்திருப்பவன். அன்று மனுவைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்தேன். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "வேற என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"துணி முடிஞ்சிட்டு" என்றார்.

வீட்டுக்குப் போனேன். என் மனைவி ஸுல்பிகாவின் அலுமாரிக்கு மேலே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் என்ன இருந்தது? என் வாழ்நாளில் இந்த மாவட்டத்தின் மேடைகளில் எனக்குப் போர்த்திய பொன்னாடைகள். பட்டுப்போல மினுங்கும், ஆனால் பட்டில்லை. சரிகை போல ஒளிரும், ஆனால் சரிகை இல்லை. முப்பது வருடமாக நான் ஒருவருக்கும் கொடுக்காமல், கட்டவும் முடியாமல், விரிக்கவும் மனமில்லாமல் காவல் காத்த அறுபத்திரண்டு பொன்னாடைகள். பெட்டியை இறக்கினேன். ஸுல்பிகா வாசலில் நின்று சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ். முப்பது வருசத்துக்குப் பொறகு என்ட அலுமாரி மூச்சு விடுது."

அறுபத்திரண்டும் கத்தரிக்கோலுக்குப் போயின. கற்பிட்டிக் கழகம் தந்தது, புத்தளத்து வாசகர் வட்டம் தந்தது, உடப்புக் கோயில் திருவிழாவில் தந்தது எல்லாம் செதில் செதிலாக வலையில் ஏறின. மனுவும் வீண்போகவில்லை. அதன் நாலு பக்கத்தையும் செதில் வெட்டும் அளவுக்கு மாதிரியாக மடித்துக் கொடுத்தேன். என் எழுத்து முதன்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அன்றுதான்.

இறக்கை சரி. கயிறு? "விடு" என்ற சொல்லை நாற்பது பேருக்கு மூன்று நாளில் எப்படிப் படிப்பிப்பது? நான் பாடம் எடுக்க ஆயத்தமானேன். மண்டாடி தடுத்தார். "பாடம் வேணாம் சேர். கயித்த விடச் சொன்னா எங்கட ஆக்கள் விடமாட்டாங்க. கயித்தோட நடந்து வரச் சொன்னா வருவாங்க."

எவ்வளவு எளிய சொல். ஒரு கயிற்றுக்கு இரண்டு முனை. ஒரு முனையில் உடப்பார், மறு முனையில் அதே எண்ணிக்கையில் கண்டக்குழியார். உடப்பார் இழுத்தால் இறக்கை இறங்கும். அந்நேரம் கண்டக்குழியார் கயிற்றைப் பிடித்தபடியே முன்னுக்கு நடந்து வருவார்கள். கண்டக்குழியார் இழுத்தால் இறக்கை ஏறும். உடப்பார் நடந்து வருவார்கள். ஒருவரும் கையை விடத் தேவையில்லை. மண்டாடி நடுவில் நின்று, வலையிழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எடுத்தார். "காத்தும் வருகுது" என்று அங்கே கேட்டால், "கரையும் வருகுது" என்று இங்கே பதில். இழுக்கிறவன் பாடுவான், நடக்கிறவன் மூச்சு வாங்குவான். பாட்டு மட்டும் இல்லையென்றால் அது கயிறிழுத்தல் போட்டியாகி, வென்றது எந்த ஊர் என்று இன்றுவரை அடிபட்டுக்கொண்டிருப்போம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ முடிந்து சனம் பள்ளிவாசலிலிருந்து நேரே கடற்கரைக்கு வந்தது. சோளகம் சும்மா வரவில்லை, மணலை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டு வந்தது. நோனா கமெராவுக்குப் பின்னால் விரல் நகத்தைக் கடித்தபடி நின்றார். உம்மு குல்தூம் கோபுரத்தின் அடியில், கையில் ஊசியோடு நின்றார். மண்டாடி கையை உயர்த்தினார்.

காற்று வந்தது. கயிறு கனத்தது. குதிகால் ஊன்றப் போகிறார்களா, நடக்கப் போகிறார்களா? கண்டக்குழி நாற்பதும் ஒரு அடி வைத்தது. இரண்டாம் அடி வைத்தது. நடந்தது. இறக்கை இறங்கியது. பாட்டு மாறியது. உடப்பு நடந்தது. இறக்கை எழுந்தது. எழுந்தது, அன்பர்களே. சாரியும் சாரமும் சீருடையும் குடைச்சீலையும் சேர்ந்து எழுந்தன. அறுபத்திரண்டு பொன்னாடையும் வெயிலில் தகதகத்து எழுந்தன. ஒரு தடவை, இரண்டு தடவை, ஐம்பது தடவை, நூறு தடவை என்று அந்த இறக்கை அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு முடிச்சு அவிழவில்லை. ஒரு கண் கிழியவில்லை. நோனா மணலில் இருந்து அழுதார். என்ன சொல்கிறார் என்று நிக்கொலஸைக் கேட்டேன். அவரும் அழுதுகொண்டிருந்தபடியால் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. பின்னேரம் மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தது: உன் கதைப்படியே எடு.

அந்தப் படத்தை நேற்றுப் பின்னேரம் நம் பாடசாலை மண்டபத்தில், யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, எல்லோருமாகப் பார்த்தோம். உலகத்துப் பத்திரிகைகள் எழுதுகின்றனவாம், அந்த விட்டிலின் இறக்கையில் ஒரு விசித்திரமான பொன்னொளி இருக்கிறது, எந்தக் கணினியில் செய்தார்கள் என்று தெரியவில்லை என்று. தெரியாமலே இருக்கட்டும். உங்களுக்குத் தெரியும்.

நான் படத்தைக் குறைவாகத்தான் பார்த்தேன். உம்மு குல்தூமைத்தான் பார்த்தேன். திரையில் வானம் சிவந்தது. தீ மழை தொடங்கியது. இதே குடிசைகள், இதே வேலிகள். அவர் முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டார். கடலிலிருந்து அவள் எழுந்தாள். நம் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் விட்டிலும்மா. விட்டிலும்மா வந்தாள். விளக்கில் விழுந்து சாகும் குலத்தில் பிறந்தவள், நெருப்புக்கு முதுகைக் கொடுத்து, இறக்கையை விரித்து, ஊருக்கு மேலே கவிழ்த்தாள். தீ அவள் மேல் விழுந்தது. ஊர் மேல் விழவில்லை. புகை அடங்கியது. இறக்கை விலகியது. உம்மு குல்தூம் விரலை நீட்டி ஒவ்வொரு குடிசையாகப் பார்த்தார். கடைசிக் குடிசை வரைக்கும் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருந்த ஸுல்பிகாவிடம் சொன்னார்: "ஒரு ஓலையும் எரியல்ல."

அதைவிடப் பெரிய விமர்சனத்தை எந்தப் பத்திரிகை எழுத முடியும்?

விருந்தினர்களே, வந்ததிலிருந்து நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதை நான் கவனித்தேன். இது என்ன பந்தல், ஓலையுமில்லை, தறப்பாளுமில்லை என்று யோசிக்கிறீர்கள். ஓம், அதுதான். கம்பனி திருப்பித் தந்துவிட்டுப் போனது. இவ்வளவு நேரமும் நீங்கள் விட்டிலும்மாவின் இறக்கைக்குக் கீழேதான் இருந்தீர்கள்.

உம்மு குல்தூமும் அண்ணாந்துதான் பார்க்கிறார். என் பேச்சை அவர் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். வந்ததும் என்னிடம் சொன்னார்: "வலப் பக்கத்துல ஒரு செதில் போயிட்டு சேர். ஓட்டையா வெயில் விழுது." அந்த வெயில் மண்டாடியின் தலையில்தான் விழுகிறது, பாருங்கள்.

தலைவர் அவர்களே, என் பேச்சு முடிந்ததும் எனக்குப் போர்த்துவதற்காக உங்கள் கதிரைக்குப் பின்னால் ஒரு பொன்னாடையை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். மறைக்காதீர்கள், அதன் மினுக்கம் எனக்குத் தெரியும். அதை எடுங்கள். என் தோளுக்கு வேண்டாம். கீழே இறங்கி, கடைசிக்கு முந்திய கதிரைக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். கத்தரிக்கோல் இதோ, என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மேடையேறினேன். அறுபத்து மூன்றாவது பொன்னாடையும் போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.

கேட்ட காதுகளுக்கும், சிரித்த வாய்களுக்கும், கயிற்றோடு நடந்து வந்த கால்களுக்கும், ஊசி பிடித்த நாற்பத்து மூன்று சோடிக் கைகளுக்கும் என் நன்றி. உங்கள் வீடுகள் நிலைக்கட்டும். உங்கள் ஊர்கள் நிலைக்கட்டும். இனி இந்தக் கரையில் எரிவது அடுப்பு மட்டுமாக இருக்கட்டும். வணக்கம், ஸலாம், போய்வருகிறேன்.